மார்கழியும் டிசம்பர் முப்பத்தொன்றும்

நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அம்மாவுக்கு அந்தச் சிரமம் கிடையாது. "எம் மவன் கவர்மெண்டுக்கே கணக்குச் சொல்லித் தர்றான்" என்று பாசாரில் மீன் விற்கிற அம்மாளிடம்கூடச் சொல்லிவிடுவாள். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஒரு நகரம் தன் குடிமக்களிடம் வரி வாங்கி, அதைச் சாலைக்கும் சாக்கடைக்கும் விளக்குக்கும் எப்படிப் பங்கிடுகிறது, அந்தப் பங்கீட்டைப் பற்றி யார் யாரைக் கேள்வி கேட்கலாம் என்பதுதான் என் பாடம். புத்தகத்தில் அதற்கு நகர நிதி நிர்வாகம் என்று கனமான பெயர். கோப்பிக் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து மேஜைக்காரர் காசு கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனால் என்னிடம் அந்தப் பாடம் படித்த குமாஸ்தாக்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணிமார், கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பல அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரத்தில் சில நாள் வேலை முடிந்ததும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் அங்கேயும் வகுப்பு எடுக்கிறேன். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். அடக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது சரியாக வரவில்லை.

வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் யாரும் இல்லை. முதல் நாள் சிலேட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சொல்லித்தரக்கூட ஆள் கிடையாது. அப்பா கப்பலில் வந்து கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கி, நேராகக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு வந்து மண்வெட்டி பிடித்தவர். நகரத்தின் சாலை, சாக்கடை, விளக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் கவனிக்கிற போர்டில் சாக்கடை வெட்டும் கூலி. நான் சீனியர் பரீட்சை தேறியபோது அந்தத் தாளைத் தன் மண்டோரிடம், அதாவது கூலிகளை மேய்க்கிற மேஸ்திரியிடம், கொண்டுபோய்க் காட்டினாராம். காட்டிவிட்டு, "தலைகீழாப் பிடிக்கலையே?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாராம். மண்டோர் இதை எங்கள் சந்து முழுவதும் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அதில் வெட்கமே இல்லை. "நேராத்தான் புடிச்சிருந்தேன்" என்று எல்லாரிடமும் திருப்பிச் சொன்னார்.

அதே போர்டில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. அப்பா வெயிலில், நான் விசிறிக்குக் கீழே. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் படிப்பில் உண்மையான ருசி பிறந்தது. லண்டனிலிருந்து தபாலில் பாடம் வரவழைத்தேன். கப்பலில் ஒரு பாடம் வந்து, நான் விடை எழுதி அனுப்பி, அது திருத்தப்பட்டு மறுபடி கப்பலேறி வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய் வெயில் வந்துவிடும். அங்கே இருக்கும் ஊர்களின் கணக்கைப் படித்துப் படித்து, பார்க்காத ஊர்களின் சாக்கடைகளெல்லாம் எனக்குப் பழக்கமாகிவிட்டன.

படித்ததை யாருக்காவது சொல்லித்தர வேண்டும் என்ற ஆசையில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் நடந்த மாலைப் பள்ளிக்குப் போய்க் கேட்டேன். தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். பகலில் ரயில்வே அலுவலகத்தில் பெரிய கிராணி, மாலையில் பள்ளி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தட்டச்சுப் படிக்க வாறாங்கள். சுருக்கெழுத்துக்கு வாறாங்கள். உம்மடை இந்தப் பாடத்துக்கு ஆர் தம்பி வரப்போயினம்?"

"வருவாங்க ஐயா. ஊர்ப் பணம் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்காதா?"

"எங்கை போகுது எண்டு எல்லாருக்கும் தெரியும் தம்பி. எப்பிடித் திரும்பி வரும் எண்டு சொல்லும், பள்ளிக்கூடம் நிறைஞ்சிடும்" என்று சொல்லிச் சிரித்தார். ஆனாலும் ஒரு மூலையும் ஒரு கரும்பலகையும் கொடுத்தார். முதல் தவணையில் ஒரு பெஞ்சுக்கு மேல் ஆள் சேரவில்லை. அந்த ஒரு பெஞ்சிலும் ஒருவர் மழைக்கு ஒதுங்க வந்தவர்.

ரப்பர் விலை வீழ்ந்து, சம்பளத்தை வெட்டி, ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. போர்டில் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்றுதான் பதில். அப்படிப்பட்ட வருஷத்தில் எங்கள் சந்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் மஞ்சூராகிப் பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது.

எங்கள் சந்து பழைய செங்கல் சூளைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்தது. ரயில்வே கூலிகள், போர்டுக் கூலிகள், ஒரு பால்காரர், ஒரு நாவிதர், சில சலவைக்காரர் குடும்பங்கள். குழாய் கிடையாது. தண்டவாளத்தைத் தாண்டி ரயில்வே குடியிருப்புப் பக்கத்தில் ஒரு குழாய். அதில் பிடித்துக்கொண்டு, குடத்தோடு மறுபடி தண்டவாளத்தைத் தாண்டி வரவேண்டும். பெட்டிகளைக் கோக்கும் எஞ்சின் எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது. அந்த வருஷம் மழையில், எங்கள் எதிர்வீட்டு அக்கா எஞ்சின் ஊதலைக் கேட்டு ஓடி, சரளைக்கல்லில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். அம்மாவும் அதே பாதையில்தான் தினமும் தண்ணீர் கொண்டுவந்தாள். அலுவலகத்தில் எங்கேயாவது எஞ்சின் ஊதினால் நான் பேனாவை நிறுத்திவிடுவேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், சாப்பிடும்போது அப்பா சந்தோஷமாகச் சொன்னார்: "குழாய் வேலை தையில ஆரம்பிக்கிறோம். மண்டோர் சொல்லிட்டாரு."

நான் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். "தையிலயா? ஏன் தையில?"

"இத்தனை நாளா மழைத் தண்ணியில சாக்கடை அள்ளவே ஆளு சரியாப் போச்சு. இனிமே மார்கழி பொறக்குது. மார்கழியில யாராச்சும் பூமியில கைவைப்பாங்களா? சந்துக்காரங்களே மண்டோர்கிட்ட போய்ச் சொல்லிட்டாங்க, தை பொறந்ததும் பூசை போட்டுத் தோண்டலாம்னு. நல்ல மனுசன், சரின்னுட்டாரு."

"அப்பா, தையில பணம் இருக்காது."

அப்பா சிரித்தார். "ஏன், யாரு எடுத்துக்கிட்டுப் போறா?"

"யாரும் எடுக்கிறதில்ல. வருஷத்தோட செத்துப்போகும்."

அம்மா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி, "சாப்பிடும்போது என்ன பேச்சு இது" என்று அதட்டினாள்.

விஷயம் இதுதான். போர்டு ஒரு வருஷத்துக்கென்று பணத்தை ஒதுக்குகிறது. ஜனவரி முதல் தேதி முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை அதற்கு ஆயுசு. அந்தத் தேதிக்குள் வேலை முடிந்து, பில் வந்து, காசு வெளியே போயிருக்க வேண்டும். போகாவிட்டால் ஒதுக்கீடு ரத்து. பணம் பொதுவில் கலந்துவிடும். அடுத்த வருஷத்துத் திட்டக் கணக்கு ஆடி மாதமே எழுதி மேலே போய்விட்டது. இந்த வருஷமே வேலை முடிந்துவிடும் என்று நினைத்து எங்கள் குழாயை அதில் யாரும் சேர்க்கவில்லை. வெட்டு விழுந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், விட்டுப்போன குழாய் மறுபடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழ் மாதத்தையும் இங்கிலீஷ் மாதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சந்துக்காரர்கள் பஞ்சாங்கம் பார்த்தார்கள். போர்டு காலண்டர் பார்த்தது. குழாய் இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடந்தது.

மறுநாள் காலையில் மண்டோரைச் சாக்கடைக் கரையில் போய்ப் பிடித்தேன். காக்கிச் சட்டை, கையில் குடை, வாயில் வெற்றிலை.

"கிராணி தம்பி, நான் என்ன செய்ய? ஊரே வந்து சொல்லுது. மார்கழியில மண்ணு வெட்டி, நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா மண்டோர் தலைதான் உருளும்."

"இப்போ இன்னும் கார்த்திகைதானே அண்ணே?"

"கார்த்திகைதான். கொஞ்ச நாள் இருக்கு. ஆளு வேணும்னா நாலு பேரை இழுத்து விடறேன். ஆனா சந்துக்காரங்க வாயால சரின்னு சொல்லணும். அவங்க சொல்லாம நான் கடப்பாரையத் தொட மாட்டேன்."

இஞ்சினியர் துரையிடம் ஒரு சீட்டு எழுதிப் போட்டால் போதும், அன்றைக்கே உத்தரவு வந்திருக்கும். அதையும் யோசித்தேன். உத்தரவோடு மண்டோருக்கு அபராதமும் வந்திருக்கும். அப்பா அவருக்குக் கீழே வேலை செய்கிறவர். அதோடு, மார்கழியில் துரை சொல்லி வெட்டிய குழாயில் எங்கள் சந்துப் பெண்கள் எத்தனை பேர் குடத்தை வைப்பார்கள்? குழாய் போடுவது போர்டின் வேலை. அதை வேண்டும் என்று கேட்பது சந்தின் வேலை. இதையே வகுப்பில் வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சந்தில் சொல்ல வேண்டியிருந்தது.

சந்து முனையில் அரசமரத்தடியில் தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில். அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரத்தில், "ஒரு சங்கதி பேசணும்" என்று எழுந்து நின்றேன். கோயில் தலைவர் பால்காரர். என்னைத் தொட்டிலில் பார்த்தவர் என்பதால் என்னிடம் மரியாதை குறைவாகவும் பிரியம் அதிகமாகவும் பேசுவார்.

"போர்டு நமக்கு ஒதுக்கிய தொகை இந்த நிதியாண்டின் இறுதியோடு காலாவதியாகிவிடும்" என்று ஆரம்பித்தேன். வகுப்பில் சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்த வாக்கியம்.

நாவிதர் பக்கத்திலிருந்தவரிடம், "இது கூத்துப் பாட்டா, வசனமா?" என்று கேட்டார். சுண்டல் வாங்க நின்ற வரிசை முழுவதும் சிரித்தது.

பால்காரர் கையமர்த்தினார். "இரு கிராணி. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. துரை கையெழுத்துப் போட்டாச்சா, இல்லியா?"

"போட்டாச்சு மாமா."

"பணம் இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

"அப்பறம் எங்க போயிடும்? அது என்ன மாடா, கயித்த அறுத்துக்கிட்டு ஓட?"

மறுபடி சிரிப்பு.  லண்டன் பாடத்தில் இதற்கு விடை இருந்தது, மூன்று பக்கத்துக்கு. அது எதுவும் அந்த இடத்தில் ஒட்டாது என்று எனக்கே தெரிந்தது. அப்போதுதான், போன வருஷத் திருவிழாவில் அதே கோயில் வாசலில் நடந்த ஒரு சண்டை நினைவுக்கு வந்தது.

எங்கள் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருடைய உபயம். அன்றைக்குப் பூ, விளக்கு, பொங்கல் எல்லாம் அந்த உபயக்காரர் பொறுப்பு. போன வருஷம் ஜவுளிக்கடைக்காரருக்கு வந்த நாளில் நல்ல மழை. கிள்ளான் ரோட்டில் வண்டி மாட்டிக்கொண்டு, அவருடைய பூ மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

"மாமா, ஜவுளிக்கடைக்காரர் பூவோட வந்து நின்னாரே, நீங்க என்ன சொன்னீங்க?"

பால்காரருக்கு அந்தக் கதையைச் சொல்வதில் எப்போதும் ஆசை. மார்பை நிமிர்த்திக்கொண்டார். "என்னத்தச் சொல்ல? 'நேத்து ஒன் நாளு. இன்னிக்குச் சலவைக்காரங்க நாளு. கொண்டுகிட்டுப் போ'ன்னேன்."

"கூடை கூடையா மல்லி. பணம் போட்டு வாங்கினது. அவர் பேரு நோட்டீஸ்லகூட அச்சடிச்சிருந்தது."

"இருந்தா? அம்மா அவனுக்காக நாளத் தள்ளிப் போடுவாளா?"

"அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கலாமான்னு கேட்டாரே?"

"புதுசாப் பேரு குடுத்து, புதுசா வரிசையில வாடான்னேன். கோயிலுன்னா ஒரு முறை இருக்குல்ல?"

"போர்டுலயும் அந்த முறைதான் மாமா. இந்த வருஷம் நம்ம உபயம். டிசம்பர் முப்பத்தொண்ணுல நடை சாத்திடுவாங்க. ஜனவரியில போய் நின்னா, 'இன்னிக்கு வேற ஆளுங்க நாளு, புதுசா வரிசையில வா'ன்னுதான் சொல்லுவாங்க. நம்ம பேரு எழுதியிருந்தாலும் சரி, துரை கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி."

யாரும் சிரிக்கவில்லை. சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த கைகூட நின்றுவிட்டது. பால்காரர் என்னையே பார்த்தார்.

"அப்ப தொரைங்களும் உபயந்தான் பாக்கறானுங்களா?"

"பாக்கறாங்க மாமா. தேங்காய் உடைக்கிறதில்ல, அவ்வளவுதான்."

நாவிதர்தான் முதலில் சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு என் பக்கம் இருந்தது. ஆனால் பால்காரர் விடவில்லை. "சரி, புரிஞ்சுது. அதுக்காக மார்கழியில பூமியக் கீறச் சொல்றியா? நான் தலைவனா இருக்கறப்ப அது நடக்காது."

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏண்ணே, வீடு கட்டிக்கிட்டு இருக்கறவன், மார்கழி பொறந்துட்டா கொத்தனார வீட்டுக்கு அனுப்பிட்டா உக்காந்திருக்கான்? புதுசா ஆரம்பிக்கத்தானே கூடாது? கார்த்திகையிலயே நல்ல நாளாப் பாத்து ஒரு குழிய வெட்டிட்டா, மிச்சம் அது பாட்டுக்கு நடக்குது."

பக்கத்தில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அக்கா, "எந்த மாசமா இருந்தாலும் சீக்கிரம் வெட்டுங்க. எனக்கு இன்னும் ஒரு கைதான் மிச்சம் இருக்கு" என்றாள்.

 பால்காரர் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, விளக்கடியில் விரலை ஓட்டினார். கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் கிடைத்தது.

அன்று மழை தூறிக்கொண்டே இருந்தது. மண்டோர் சொன்னபடி ஆட்களோடு வந்தார். மஞ்சள் தடவி, சூடம் காட்டி, பால்காரர் எலுமிச்சம்பழம் வெட்டினார். முதல் அடி யார் போடுவது என்று கேள்வி வந்தபோது, மண்டோர் கடப்பாரையை அப்பா கையில் கொடுத்து, "கிராணி அப்பாவே போடட்டும்" என்றார். அப்பா ஆயுசு முழுவதும் மண்ணில் கடப்பாரை போட்டவர். அன்றைக்கு மட்டும் போடுவதற்கு முன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

மறுவாரம் என் வகுப்பு மாணவர்களை அங்கேயே அழைத்துவந்தேன். அவர்கள் கிராணிமார், வெள்ளைக் கால்சட்டை, கறுப்புச் சப்பாத்து. மழைநீர் நின்ற குழியைச் சுற்றி வரிசையாக நிற்கவைத்து, இந்தக் குழி எந்தத் தலைப்பில் வந்த செலவு, இந்தக் கூலி எந்தத் தலைப்பில், இரும்புக் குழாய் பண்டகசாலையிலிருந்து எப்படி வருகிறது என்று காட்டினேன். ஒருவர் சப்பாத்தோடு வழுக்கி உள்ளே விழுந்துவிட்டார். மண்டோர் அவரைத் தூக்கிவிட்டு, "வாத்தியார் பாடத்துல மூழ்கிட்டீங்க போலிருக்கு" என்றார். இன்றைக்கும் நான் ஒரு தவணையைக்கூட மாணவர்கள் சப்பாத்தில் சேறு படாமல் முடிப்பதில்லை. அந்தப் பழக்கம் அந்தக் குழியில் ஆரம்பித்தது.

மார்கழி பிறந்தது; வேலை நடந்துகொண்டே போனது. குழாயை மூட்டிப் பொருத்துகிற வேலை ஒரு சீனத் தவுக்கையிடம், அதாவது கடை முதலாளியிடம், கொடுக்கப்பட்டிருந்தது. அவர் ஆட்கள் சுத்தமாக வேலை செய்தார்கள். குழாய் முடியும் நிலைக்கு வந்ததும், பில்லைப் பற்றி விசாரிக்க அப்பாவும் நானும் அவர் கடைக்குப் போனோம்.

"நந்தி லா, கிராணி" என்றார் தவுக்கை. அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வருஷத்துப் பில் எல்லாவற்றையும் ஒன்றாக எழுதி அனுப்புவதுதான் தன் வழக்கம் என்று சந்தைப் பேச்சான பாசார் மலாயில் விளக்கினார். என்ன அவசரம்? போர்டு எங்கே ஓடிவிடும்?

 இப்போது மூன்றாவதாக ஒரு காலண்டர். சீனப் புத்தாண்டு தை பிறந்த பிறகுதான் வரும். எனக்குத் தெரிந்த மலாயில், டிசம்பர் போனால் பணம் போய்விடும், பிறகு பில்லைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலையவேண்டும் என்று சொன்னேன். தவுக்கை தலையாட்டிக்கொண்டே தேநீர் குடித்தார். எத்தனையோ கிராணிமாரின் அவசரத்தைப் பார்த்தவர்.

அப்பா ஓர் அடி முன்னால் வந்து, என் தோளில் கை வைத்து, "இனி அனாக் சாயா" என்றார். இது என் பிள்ளை என்று அர்த்தம்.

தவுக்கை கோப்பையைக் கீழே வைத்தார். சாக்கடை வெட்டுமிடங்களில் அப்பாவைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறார். அப்பாவின் கால்களைப் பார்த்தார், என் டையைப் பார்த்தார். "உன் பிள்ளையா? இங்கிலீஷ் படித்தானா? போர்டிலா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அப்பா 'ஆமாம்' என்று தலையசைத்தார். எல்லாம் கேட்டு முடித்து, அவர் மணிச்சட்டத்தை இழுத்துப்போட்டுக் கடகடவென்று தட்டினார். பில் அங்கேயே எழுதப்பட்டது. திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "நீ சொன்னதும் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ரொம்ப வேகமாப் பேசற."

என் சந்தின் பில்லை நானே சரிபார்ப்பது முறையல்ல. அதைப் பக்கத்து மேஜைக் கிராணியிடம் கொடுத்து, காரணத்தையும் சொன்னேன். அவர் நேர்மையான மனிதர். கொஞ்சம்கூடத் தயவு பார்க்கவில்லை. வேலை அளவு பார்த்ததற்கு மண்டோரின் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினார். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்திருந்ததே சில நாள்தான். மண்டோரை மழையில் தேடிப் பிடித்து, அவர் குடைக்குக் கீழேயே தாளை நீட்டினேன். "மார்கழியில கையெழுத்துப் போடலாமா கிராணி தம்பி?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். வருஷத்தின் கடைசி வேலைநாளில், மத்தியானத்துக்குள் பில் பாஸாகிப் பணம் வெளியேறியது. நான் அன்றைக்கு மேஜையில் மிச்சமிருந்த வேலையை ஒரு ராஜாவைப் போல உட்கார்ந்து செய்தேன்.

தண்ணீர் அதற்கு முன்பே வந்துவிட்டது. மார்கழிக் காலையில் வாசலுக்குக் கோலம் போட்ட பெண்கள் குழாயடிக்கும் ஒரு கோலம் போட்டு, பூசணிப்பூவும் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா நல்ல கையால் குழாயைத் திறந்தாள். முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அதன் பிறகு நல்ல தண்ணீர். அம்மா குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் தண்டவாளத்துப் பக்கம் திரும்பினாள். எல்லாரும் சத்தம் போட்டதும் சிரித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தாள். அன்று மாலைக்குள் குழாயடியில் வரிசைச் சண்டையும் ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் எஞ்சின் ஊதினால் என் பேனா நின்றதில்லை.

ஜனவரியில் மாலைப் பள்ளி புதுத் தவணை தொடங்கியது. நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் படியேறி வந்தார்.

"தம்பி, கீழை விளக்குக் கம்பத்திலை ஒரு மாடு கட்டியிருக்கு. உம்மடை மாணவரோ?"

"மாட்டுக்காரரா இருக்கும் ஐயா."

அவருக்குப் பின்னாலேயே பால்காரர் வந்தார். கூட நாவிதர், மண்டோர், சலவைக்காரர் இருவர். அவர்கள் யாரும் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்தவர்கள் அல்ல. பெஞ்சில் இருந்த கிராணிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, குழியில் விழுந்தாரே, அவர்தான் முதலில் நகர்ந்து இடம் விட்டார். இடம் போதவில்லை. தட்டச்சு வகுப்பிலிருந்து இன்னொரு பெஞ்சைத் தலைமையாசிரியரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்; போட்டுவிட்டு, தானும் அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பால்காரர் எழுந்து நின்றார். "கிராணி, சந்துக்கு ஒரு விளக்கு வேணும். மறுபடி நாளு தப்பவிடக் கூடாது. அடுத்த வருஷ உபயத்துக்கு எந்த மாசம் பேரு குடுக்கணும்?"

அவர் என் வகுப்பில் கேட்ட முதல் கேள்வி அது. இத்தனை வருஷத்தில் எந்த மாணவரும் இதைவிடச் சரியான கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

"ஆடியில எஸ்டிமேட் எழுதுவாங்க மாமா. சித்திரையிலயே மனு உள்ளே போயிடணும்."

"சித்திரை. நல்ல மாசந்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு நான் தயாரித்துக்கொண்டு வந்த பாடம் வேறு. அதை மூடி வைத்துவிட்டுச் சாக்கட்டியை எடுத்தேன். ஒரு தெருவிளக்கு கேட்கிற மனுவில் என்னென்ன இருக்கவேண்டும், அது எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகும், எந்த மாதம் எங்கே இருக்கவேண்டும் என்று பலகையின் ஒரு பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மெதுவாக வாசித்துக்காட்டுகிற சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. அதற்கு மேலே பால்காரரின் குரல் வந்தது.

"எழுத்தப் பெரிசாப் போடு கிராணி. கடைசியில இருக்கறவனுக்கும் தெரியணும்."